பொக்ஸ் ஹில்லில் முதல் நடை: புதிதாய்ப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்கு வந்து ஏழெட்டு வருடமாகியும் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் கால் வைக்காத தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நிறைய இருக்கின்றன. கேட்டால் வழி தெரியாது என்பார்கள், என்ன உடுத்திக்கொண்டு போவது என்பார்கள், யாருடையவோ காணிக்குள் நுழைந்துவிடுவோமோ என்று தயங்குவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் நடைக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் இடம் ஒன்றுதான்: சரே மாவட்டத்தில், டோர்க்கிங் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பொக்ஸ் ஹில்.

நகரின் நடுவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். நோர்த் டவுன்ஸ் என்கிற சுண்ணாம்புக் குன்றுத் தொடரை மோல் ஆறு அறுத்துக்கொண்டு வடக்கே போகிறது. அந்த அறுத்த விளிம்பில் நிற்பதுதான் இந்தக் குன்று. 1914இல் லியோபோல்ட் சாலமன்ஸ் என்ற செல்வந்தர் இதைத் தன் பணத்தில் வாங்கிப் பொதுமக்களுக்கென்று கொடுத்தார். இன்று நஷனல் ட்ரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பராமரிக்கிறது. நடந்து போகிறவருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. காரில் மேலே போனால் மட்டும், அந்த அமைப்பின் உறுப்பினர் அல்லாதவர்கள் நிறுத்துவதற்குக் காசு கட்ட வேண்டும்.

இதைவிட உயரமான குன்றுகள் பக்கத்திலேயே உண்டு. இருந்தும் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இந்த மண். அதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டு போனால் நடை முழுதும் வேறு மாதிரி இருக்கும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதினோமே, அந்தச் சுண்ணக்கட்டியைப் போன்ற மெதுவான வெள்ளைப் பாறைதான் இந்தக் குன்று முழுதும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடியில் படிந்து இறுகியதே இந்தப் பாறை. குன்றின் தலையில் அதற்கு மேலே களிமண்ணும் சக்கிமுக்கிக் கற்களும் கலந்த தடித்த மண் கிடக்கிறது. அங்கே பீச், ஓக் மரங்கள் நிறைந்த காடு. ஆற்றைப் பார்த்த செங்குத்தான பக்கத்தில் யூ மரமும், குன்றுக்குப் பேர் கொடுத்த பொக்ஸ் மரமும். சரிவுகளிலோ மண் ஒரு சாண்கூட இராது, அதிலும் சத்துக் குறைவு. அங்கேதான் புல்வெளி.

சத்துக் குறைந்த மண்ணில் என்ன இருக்கப்போகிறது என்று நினைப்போம். நடப்பது நேரெதிர். கொழுத்த மண்ணில் உயரமான முரட்டுப் புல் இரண்டு மூன்று வகை வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இந்த வரண்ட மண்ணில் அந்த முரட்டுப் புல்லுக்குத் தலையெடுக்க முடியாது. அதனால் சின்னச் சின்னச் செடிகள் எல்லாம் நெருக்கி உட்கார்ந்து இடம் பிடித்துக்கொள்கின்றன. நல்ல சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்கூட இருக்கும். ஆனால் ஆடுமாடு மேயாமல் விட்டால் முதலில் முட்புதர் வரும், பிறகு மரம் வரும், புல்வெளி போய்விடும். நூற்றாண்டுக் கணக்கில் மேய்ச்சல் நடந்ததால்தான் இது இன்னும் இருக்கிறது. இப்போதும் பெல்ட்டட் கலவே என்ற மாடுகளை இங்கே மேய விடுகிறார்கள். கறுப்பு உடம்பின் நடுவில் வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கட்டியது போல இருக்கும், கண்டவுடன் தெரியும்.

எந்த மாதம் போவது

முதல் தடவை என்றால் யூன் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரைக்குள் போங்கள். யூனில் ஓர்க்கிட் பூக்கள் வந்துவிடும். கூம்பு வடிவில் கடும் இளஞ்சிவப்பாய் நிற்பது பிரமிடல் ஓர்க்கிட். அதிர்ஷ்டம் இருந்தால் பீ ஓர்க்கிட்டும் கண்ணில் படும்: பூவின் கீழிதழ் ஒரு தேனீ வந்து உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். யூலை பிற்பகுதியில் சோக்ஹில் புளூ என்ற வெளிர்நீல வண்ணத்துப்பூச்சி எழும்பும். ஓகஸ்டில் காட்டு மார்ஜரமும் தைமும் பூத்துச் சரிவு முழுதும் மணக்கும்.

ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் என்றால் காட்டுக்குள் புளூபெல் பூக்களைப் பார்க்கலாம். ஒக்டோபர் கடைசியில் பீச் இலைகள் செம்பு நிறமாகும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். போவதானால் காலை பத்துக்கு முன்பே குன்றில் நில்லுங்கள், இரண்டரைக்கு இறங்கத் தொடங்குங்கள்.

வெயிலான வார இறுதியில் காலை பதினொன்றுக்குப் பிறகு போனால் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், காட்சி மேடையில் நிற்கவும் இடம் இராது. வெள்ளன வெளிக்கிடுங்கள். ஒன்பது மணிக்கு அங்கே நின்றால் குன்று உங்களுக்குத்தான்.

காலில் என்ன, பையில் என்ன

சப்பாத்து ஒன்றைத்தான் நான் வற்புறுத்துவேன். சுண்ணாம்பு மண் காய்ந்திருக்கும்போது சிமெந்து போல இருக்கும். மழையில் நனைந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைக் குழம்பு படரும். சவர்க்காரம் தேய்த்த தரையில் நடப்பது போலாகிவிடும். ஒரு பெப்ரவரி மாதம் என் அண்ணி, அடி தேய்ந்த ஓட்டச் சப்பாத்தோடு வந்தார். ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. இறங்கும்போது, கார் சாலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கால் போய்க் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு வீங்கி ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தார். அடியில் ஆழமான பல் வெட்டு உள்ள நடைச் சப்பாத்து, புதிதாக வாங்காவிட்டாலும் யாரிடமாவது அளவு பார்த்து இரவல் வாங்கிக்கொண்டாவது போங்கள். கோடையில் தரை காய்ந்திருந்தால் நல்ல பிடிப்புள்ள ஓட்டச் சப்பாத்தே போதும். செருப்போடு மட்டும் வேண்டாம்.

நீளக் காற்சட்டை, நீளக் காலுறை. மேலே காற்று அடிக்கும், ஆகவே யூலையிலும் ஒரு மெல்லிய மழைச் சட்டை பையில் இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர். மேலே கபே உண்டு, கழிப்பறை உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பிளாஸ்கில் தேத்தண்ணியும் இல்லாமல் வெளிக்கிடுவதில்லை. குழம்பு ஒழுகும் சாப்பாடு தோளில் தூக்குகிற பைக்குச் சரிவராது.

போனில் வரைபடம் பார்ப்பவர்கள் அதை முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் சிக்னல் போய்விடும். காகித வரைபடம் விரும்புவோருக்கு ஓர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரிசையில் 146ஆம் இலக்கம் இந்தப் பகுதிக்கானது.

ரயிலில் போவது

இறங்க வேண்டிய ஸ்டேசன் பொக்ஸ் ஹில் அன்ட் வெஸ்ட்ஹம்பிள். விக்டோரியாவிலிருந்தும் வோட்டர்லூவிலிருந்தும் ரயில் உண்டு. இரண்டும் கிளபம் ஜங்ஷன் வழியாகவே வரும். சட்டனில் இருப்பவர்களுக்கு விக்டோரியா ரயில், விம்பிள்டனில் இருப்பவர்களுக்கு வோட்டர்லூ ரயில் கைக்கெட்டிய தூரம். பயணம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். சின்ன ஸ்டேசன் என்பதால், ஏறப்போகும் ரயில் அங்கே நிற்குமா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் ரயில்களின் நேரத்தையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டாயம்.

ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஃபமிலி அன்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்ட் எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 வீதமும் குறையும். வருடத்தில் இரண்டு மூன்று நடை போனாலே அந்தக் காசு திரும்பிவிடும்.

பாதைக் குறிகளை வாசிப்பது

யாருடைய காணியோ என்ற பயம் இங்கே தேவையில்லை. இந்த நாட்டில் பொதுவழி உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. தனியார் வயலின் நடுவால் போனாலும், வரைபடத்தில் பொது நடைபாதை என்று இருந்தால் அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பத்தில் மஞ்சள் அம்பு கண்டால் நடப்போருக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரும், ஓரமாக நடங்கள். ஏகோர்ன் எனப்படும் ஓக் விதையின் படம் போட்டிருந்தால் அது தேசிய நெடுநடைப் பாதை. இங்கே நீங்கள் காண்பது ஃபார்ன்ஹமில் தொடங்கி டோவர் கடற்கரைவரை 153 மைல் போகும் நோர்த் டவுன்ஸ் வே.

படலை திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டுப் போங்கள். அது மாடு மேய்ப்பவரின் கணக்கு, நாங்கள் மாற்றக்கூடாது. சில இடங்களில் வேலியைத் தாண்டப் பலகைப் படி போட்டிருப்பார்கள். ஊரில் கடப்பு என்போமே, அதேதான். பிள்ளைகளை முதலில் அனுப்பாமல் பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் போய் நின்று கையைக் கொடுங்கள்.

முதல் வட்டம்

ஸ்டேசனில் தொடங்கி ஸ்டேசனில் முடியும் வட்டம் இது. ஐந்தரை கிலோமீட்டர் அளவு வரும், ஏற்றம் ஏறத்தாழ 120 மீட்டர். நின்று பார்த்துச் சாப்பிட்டு வர மூன்று மணித்தியாலம் வையுங்கள்.

வெஸ்ட்ஹம்பிள் தெருவால் கீழே இறங்கினால் ஏ24 நெடுஞ்சாலை வரும். வாகனங்கள் பறக்கும் சாலை அது, குறுக்கே ஓட வேண்டாம். அடியில் சுரங்க நடைபாதை இருக்கிறது, அதால் கடவுங்கள். மறுபக்கம் ஏறியதும் சாலையோரமாகத் தெற்கே நடந்தால் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் கார் நிறுத்துமிடம். அங்கிருந்து மரங்களுக்குள் ஒரு பாதை ஆற்றுக்குப் போகும்.

மோல் ஆற்றின் குறுக்கே 17 கற்கள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பழைய கற்களை இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி கடந்துவிடக்கூடாது என்று அகற்றினார்கள். போர் முடிந்தபின் உள்துறை அமைச்சராக இருந்த சூட்டர் ஈட் தன் செலவில் புதுக் கற்கள் போட்டார். 1946இல் பிரதமர் அட்லி வந்து திறந்து வைத்தார். ஒரு ஆற்றைத் தாண்டும் 17 கல்லுக்குப் பிரதமர் வந்தார் என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் மகிழ்ச்சி தருகிற விசயம்.

கற்களின் தலை தண்ணீருக்கு மேலே தெளிவாகத் தெரிந்தால் கடவுங்கள். தண்ணீர் மேலால் ஓடினாலோ, கல்லில் பாசியும் ஈரமும் இருந்தாலோ வேண்டாம்; கொஞ்சம் தள்ளி நடைப்பாலம் இருக்கிறது, மறுகரையில் அதே பாதையில்தான் சேர்வீர்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எப்போதும் பாலத்தாலேயே போகலாம்.

டோர்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் இடையில் இந்த ஆறு சுண்ணாம்புப் பாறையின்மேல் ஓடுகிறது. படுகையிலும் கரையிலும் தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கும் துவாரங்கள் உண்டு. கடும் வரட்சியில் ஆற்றின் சில பகுதிகள் மெலிந்து காய்ந்தே போகும். தண்ணீர் பாறைக்குள்ளால் போய் லெதர்ஹெட் பக்கம் மறுபடி வெளிவரும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வருடம் முழுதும் ஓடும் ஆறு இல்லாத எங்கள் குடாநாட்டில் மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றில் நிற்கிறது. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு மோல் ஆறு அந்நியமாக இராது.

ஆற்றைத் தாண்டியதும் படிகள். மண்ணை வெட்டி மரச்சட்டம் வைத்த படிகள், இருநூறுக்கு மேலே. இந்த நடையில் கடினமான பகுதி இதுதான். எல்லோரும் செய்யும் பிழை, முதல் ஐம்பது படியை வேகமாக ஏறிவிட்டு மிச்சம் முழுதும் மூச்சு வாங்குவது. கதைத்துக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் ஏறுங்கள். கதை நின்றால் நீங்களும் நில்லுங்கள். நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் பொக்ஸ் மரங்களைப் பாருங்கள். எங்கள் பெருவிரல் நகமளவுச் சின்ன, பளபளக்கும் தடித்த இலை. மெல்ல வளரும் மரம், அதனால் கட்டை மிக இறுகியது, தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும். முற்காலத்தில் புத்தகப் படங்களுக்கான அச்சுக் கட்டைகளை இந்த மரத்தில்தான் செதுக்கினார்கள். கூடவே நிற்கும் கரும்பச்சை யூ மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. பிள்ளைகளின் கண் அதன் சிவப்புப் பழத்தில் போகும், முன்பே சொல்லி வையுங்கள்.

முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் இந்தப் படிகளால் ஏறவே வேண்டாம். காரில் மேலே போய், அங்கிருந்து சமமான பாதையால் காட்சி மேடைவரை நடக்கலாம். தள்ளுவண்டியும் போகும்.

மேலே சாலமன்ஸ் நினைவுக் காட்சி மேடை. 172 மீட்டர் உயரம். கீழே டோர்க்கிங், அதற்கப்பால் வேலிகளாய் வகுத்த வயல்கள், வலப்பக்கம் 294 மீட்டர் லீத் ஹில். வானம் தெளிந்த நாளில் தொடுவானத்தில் நீலக்கோடாக சவுத் டவுன்ஸ் குன்றுத் தொடர் தெரியும். வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு கபேக்குப் போய்விடுவார்கள். நீங்கள் மேடையிலிருந்து சரிவுப் பக்கமாக நூறு அடி இறங்கி, பாதையோரத்தில் உட்காருங்கள். பார்க்கிற திசையை மாற்றுங்கள், தூரத்தை விட்டுக் காலடிக்கு வாருங்கள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒரு ஓகஸ்ட் காலை இதே இடத்தில் இருந்தோம். அவருக்கு மலைக் காட்சியில் பெரிய அக்கறை இல்லை. கையிலிருந்த லேஞ்சியைப் புல்லில் விரித்து, பிறகு அதை எடுத்துவிட்டு, லேஞ்சி கிடந்த சதுரத்துக்குள் எத்தனை வகை இலை என்று எண்ணத் தொடங்கினார். நான் அருகில் குனிந்து பார்த்தேன். நூல் போல ஒரு புல், முடி போல இன்னொன்று. தரையோடு படர்ந்த தைம், ஊசித் தலையளவு ஊதாப்பூ. நீலமாய் ஒரு மணிப்பூ. குதிரை லாட வடிவில் காய் காய்த்த ஒரு சின்னப் பயற்றங்கொடி. அம்மா பதினேழு எண்ணினார். இன்னும் இருக்கும், கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். பிறகு மார்ஜரம் இலையொன்றை விரலால் வருடி மணந்து பார்த்து, "கற்பூரவள்ளியடா இது!" என்றார். அதே செடியில்லை, ஆனால் மணம் அதேதான்.

அந்தப் பயற்றங்கொடியின் பெயர் ஹோர்ஸ்ஷூ வெட்ச். சோக்ஹில் புளூ, அடோனிஸ் புளூ என்ற இரண்டு நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் இதை மட்டுந்தான் தின்னும். புழுவின் உடம்பில் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றி நின்று காவல் காக்கும். புல்வெளியில் அங்கங்கே வட்டமாய்த் திரண்டு புல் மூடியிருக்கும் மேடுகள் அந்த மஞ்சள் எறும்புகளின் வீடுகள். பல வருடம் எடுத்துக் கட்டியவை. பிள்ளைகள் அவற்றின்மேல் பாய்ந்து விளையாட ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல் ஏன் என்றும் சொல்லுங்கள். என் மகளுக்குச் சொன்ன நாளிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு அவள்தான் காவல்.

கபேக்குப் பக்கத்தில் 1890களில் கட்டிய கோட்டை ஒன்று உண்டு. பிரான்சிலிருந்து படை வந்தால் லண்டனைக் காப்பதற்கென்று கட்டினார்கள், படை வரவில்லை. வெளியே நின்று பார்க்கலாம். குன்றின் மேற்குப் பக்கம் மரங்களுக்கிடையில் மேஜர் பீட்டர் லபிலியேயின் பெயர் பொறித்த கல்லும் இருக்கிறது. உலகம் தலைகீழாய்ப் போகிறது, கடைசியில் நான் நிமிர்ந்திருப்பேன் என்று சொல்லி, தன்னைத் தலைகீழாகப் புதைக்கும்படி கேட்ட மனிதர். 1800இல் அப்படியே புதைத்தார்கள்.

இறங்குவதற்கு பர்ஃபர்ட் ஸ்பர் என்ற புல் முகடு. கபேக்கு அண்மையில் தொடங்கி நேரே பர்ஃபர்ட் பாலத்துக்குப் போகும் திறந்த வெளி. எதிரே தெரியும் சரிவில் கோடு கோடாக டென்பீஸ் திராட்சைத் தோட்டம். அங்கும் இதே சுண்ணாம்பு மண்தான். ஒரு பக்கத்தில் ஸிக்ஸாக் சாலை வளைந்து வளைந்து ஏறும். 2012 ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் ஆண்கள் அதில் ஒன்பது முறை ஏறினார்கள். அதிலிருந்து அந்தச் சாலை சைக்கிள்காரருக்குத் தலமாகிவிட்டது. இறங்குகிற சைக்கிள் சத்தமில்லாமல் வரும். சாலையைக் கடக்கும் இடங்களில் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈரமான நாளில் ஸ்பரில் இறங்கும்போது வெள்ளையாய்த் தெரியும் தேய்ந்த தடத்தை விட்டு, ஓரப் புல்லில் காலை வைத்து, சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடித்து இறங்குங்கள். பாலத்தடிக்கு வந்தால் மறுபடி சுரங்க நடைபாதை, பிறகு ஸ்டேசன்.

அடுத்த தடவைக்கு

இரண்டாவது நடைக்கு ஜூனிப்பர் டொப் நல்லது. கபேயிலிருந்து காட்டுக்குள் தொடங்கும் பாதை. வழியில் சக்கிமுக்கிக் கல்லால் கட்டிய ஒரு வட்டக் கோபுரம் வரும்; பியானோ செய்து பேரெடுத்த பிராட்வுட் குடும்பத்தவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. காட்டிலிருந்து திடீரென்று அகலமான புல் முகட்டில் வெளிவருவீர்கள். கூட்டம் இராது. பிறகு கீழே ஒரு பள்ளத்தாக்கு. தண்ணீர் ஓடாத பள்ளத்தாக்கு அது: பனியூழிக் காலத்தில் நிலம் உறைந்து கிடந்தபோது, உருகிய நீர் பாறைக்குள் இறங்க முடியாமல் மேலால் ஓடி வெட்டிய தடம். என்னைக் கேட்டால் பொக்ஸ் ஹில்லின் மிக அமைதியான மூலை அதுதான்.

நன்றாக நடந்து பழகியபின் 8 மைல் நீளமான பொக்ஸ் ஹில் ஹைக் பாதையை எடுக்கலாம். அது ஹெட்லி ஹீத்வரை போகும். ஏற்ற இறக்கம் நிறைய, ஐந்து மணித்தியாலம் வையுங்கள். சுண்ணாம்பை விட்டுப் புளிப்பு மண்ணுக்குப் போகிறோம் என்பதைச் செடிகளே சொல்லும்: தைமும் மார்ஜரமும் மறைந்து ஹெதர் புதரும் பேர்ச் மரமும் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

உயரமான புல்லில் உண்ணி இருக்கும். லைம் என்ற நோயைக் கொண்டுவரக்கூடியது. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், பிள்ளைகளின் காதுக்குப் பின்புறம், தலைமயிர் ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான ட்வீஸரால் தோலோடு சேர்த்துப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். எண்ணெய் பூசுவது, சுடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். பின்னர் வரும் கிழமைகளில் வட்டமாய்ப் பரவும் சிவப்புத் தடிப்பு கண்டால் உடனே டொக்டரிடம் காட்டி, உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

மாடுகள் நிற்கும் வெளியில் ஓடாமல், சத்தம் போடாமல், சுற்றிப் போங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் நுழையக் கூடாது.

மழைக்குப் பின் பெரிய வெளிர்நிற நத்தைகளைக் காண்பீர்கள். ரோமன் நத்தை என்பார்கள். சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, பிடிப்பதே குற்றம். ஓர்க்கிட் பூவையும் பறிக்காதீர்கள். படம் எடுப்பதற்காகப் புல்லுக்குள் படுப்பவர்கள், முதலில் என்ன செடிமேல் படுக்கிறோம் என்று பாருங்கள். நெருப்பு மூட்டுவதும் பார்பிக்யூவும் கூடாது.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வாழைப்பழத் தோல், தோடம்பழத் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் மண்ணுக்கு உரந்தானே என்று எங்கள் ஆட்கள் நல்லெண்ணத்தோடு புல்லில் போட்டுவிடுவார்கள். நாயோடு வருகிறவர்களும் கழிவை அப்படியே விட்டுவிடுவது உண்டு. வேறு மண்ணில் அது சரியாய் இருக்கலாம். இங்கே உரந்தான் எதிரி. சத்து ஏறிய இடத்தில் முரட்டுப் புல் எழும்பி, அம்மா எண்ணிய பதினேழையும் மூடிவிடும். எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வழி தவறினால் பதற வேண்டியதில்லை. கீழ்நோக்கி மேற்கே வந்தால் ஏ24 வாகனச் சத்தம் கேட்கும், அங்கிருந்து ஸ்டேசனைப் பிடித்துவிடலாம். ஆள் விழுந்து அசைய முடியாத நிலை என்றால் 999ஐ அழைத்து, போன் வரைபடம் காட்டும் இடக் குறியீட்டை வாசித்துச் சொல்லுங்கள்.

ரயில் ஏறுமுன் சப்பாத்தைச் சாலையோரப் புல்லில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் ஈரத்தோடு கழுவ வெளிக்கிடாதீர்கள், வெள்ளைக் குழம்பு தையலுக்குள் எல்லாம் இறங்கிவிடும். பழைய பேப்பர் விரித்து, ஹீற்றருக்குக் கிட்ட வைக்காமல், ஒரு இரவு காயவிடுங்கள். காலையில் இரண்டு சப்பாத்தையும் ஒன்றோடொன்று தட்டினால் சுண்ணாம்பு பொடியாய் உதிர்ந்துவிடும்.